பொதுப் பேரேடு இரண்டாகாமல் விதியைத் திருத்தும் முறை

கிரிப்டோ நாணயங்களின் தொகுதிச் சங்கிலி குறித்து ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு விளக்கம்

நாணயத்தைப் பற்றிய விதிகளை மாற்றுவது எளிய காரியமன்று. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதியன்று இந்திய நாட்டில் தசாம்ச நாணய முறை அமலுக்கு வந்தது. அதுகாறும் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்றும், ஓர் அணாவுக்கு நான்கு காலணா அல்லது பன்னிரண்டு தம்பிடி என்றும் கணக்கிட்டு வந்த மக்கள், அன்றுமுதல் ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று கணக்கிட வேண்டியதாயிற்று. ஆயினும் கடைவீதியில் பெருங்குழப்பம் விளையாதபடி முன்னேற்பாடுகள் செய்யப்பட்டிருந்தன. ரூபாயின் மதிப்பு மாறவில்லை. எட்டணா 50 நயா பைசாவுக்கும், நாலணா 25 நயா பைசாவுக்கும் மிச்சமின்றிச் சமமாயின. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்ற சிறு பின்னம் தோன்றிய இடங்களில் மட்டுமே மாற்று அட்டவணையைப் பார்க்க நேர்ந்தது. பழைய காசுகளும் மூன்று ஆண்டுகளுக்குப் புதிய காசுகளுடன் சேர்ந்தே செல்லும் என அறிவிக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டில் 'நயா' என்னும் அடைமொழியும் நீக்கப்பட்டது.

இம்மாற்றத்தை நிகழ்த்துவதற்கு நாடாளுமன்றம் 1955-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. நாணயச் சாலைகள் அரசாங்கத்தின் வசம் இருந்தன. ஆணையிடும் அதிகாரம் ஓரிடத்தில் இருந்தது. அத்தகைய அதிகாரம் எவரிடமும் இல்லாத ஒரு நாணயத்தின் விதியைத் திருத்த வேண்டுமாயின் யாது செய்வது? திருத்தத்தை ஏற்றோர் ஒரு கணக்கும், ஏலாதோர் வேறொரு கணக்குமாகப் பிரிந்து போகாமல் தடுப்பது எவ்வாறு? பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களை உருவாக்கியோரும் உபயோகிப்போரும் 2009-ஆம் ஆண்டு முதல் சந்தித்து வரும் பிரச்சினை இதுவே. இதன் தத்துவத்தையும், இதுவரை கிடைத்துள்ள அனுபவங்களையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைவரில்லாப் பேரேடு

பிட்காயின் என்பது கையில் எடுத்துக் காட்டக்கூடிய காசு அன்று. அது ஒரு பேரேட்டில் உள்ள பதிவே ஆகும். இன்னார் இன்னாருக்கு இவ்வளவு மாற்றினார் என்னும் பதிவுகள் ஒரு தொகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு தொகுதி எழுதப்படும். ஒவ்வொரு தொகுதியின் தலைப்பிலும் அதற்கு முந்திய தொகுதியின் முத்திரை எண் பதிக்கப்படுகிறது. முந்திய தொகுதியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை எண் முற்றிலும் மாறிவிடுமாதலால், பின்னர் வந்த தொகுதிகள் யாவும் பொருந்தாமற் போகும். இவ்வாறு ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதாலேயே இதற்குத் தொகுதிச் சங்கிலி, அதாவது பிளாக்செயின், என்று பெயர். முதல் தொகுதி 2009-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதியன்று எழுதப்பட்டது.

இப்பேரேட்டின் முழுப் பிரதிகள் உலகெங்கும் பல்லாயிரம் கணிப்பொறிகளில் உள்ளன. இவற்றுடன் தொடர்புள்ளோரை இரு வகையினராகப் பிரிக்கலாம். முதல் வகையினர் தொகுதியை எழுதுவோர். இவர்கள் பெருமளவு மின்சாரத்தைச் செலவிட்டு ஒரு கடினமான கணக்கிற்கு விடை கண்டு, புதிய தொகுதியைச் சேர்க்கும் உரிமையையும் அதற்குரிய வெகுமதியையும் பெறுகின்றனர். சுரங்கம் தோண்டிப் பொன் எடுப்பதைப் போன்றது என்னும் கருத்தில் இவ்வேலையைச் 'சுரங்க வேலை' என்பர். இரண்டாவது வகையினர் சரிபார்ப்போர். வந்து சேரும் தொகுதி ஒவ்வொன்றும் விதிகளுக்கு இணங்கியுள்ளதா என்று இவர்களுடைய கணிப்பொறிகள் தாமே சோதிக்கின்றன. இணங்கினால் ஏற்கும், இல்லையேல் தள்ளிவிடும். விதிக்கு இணங்கிய சங்கிலிகள் இரண்டு தோன்றினால், எதில் அதிக உழைப்பு செலவாகியிருக்கிறதோ அதையே எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்பது ஏற்பாடு.

இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. விதிகள் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் கணிப்பொறியில் ஏற்றி வைத்துள்ள செயல்நிரலிலேயே உள்ளன. எனவே விதியை மாற்றுவதென்றால், முன்பின் அறியாத பல்லாயிரம் பேர் தத்தம் செயல்நிரலை மாற்றிக்கொள்ள வேண்டும். அனைவரும் ஒரே நாளில் மாற்றிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க இயலாது.

இறுக்கும் திருத்தமும் தளர்த்தும் திருத்தமும்

இதனை நமக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள உடும்பஞ்சோலைத் தாலுகா ஏலக்காய்க்குப் பேர்பெற்றது. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு ஆகிய கணவாய்ப் பாதைகள் வழியே தொழிலாளர் பலர் இத்தாலுகாவின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். அங்கே ஒரு பெரிய தோட்டத்தில் மூன்று கணக்கப்பிள்ளைகள் இருப்பதாகக் கொள்வோம். அன்றாடம் தொழிலாளர் எடுத்த பச்சைக்காயின் எடையை மூவரும் தனித்தனிப் பேரேட்டில் எழுதி, மாலையில் ஒருவருக்கொருவர் வாசித்து ஒப்பிட்டுக்கொள்கின்றனர். மூவருக்கும் மேலதிகாரி எவரும் இல்லை. எடையை முழுக் கிலோவில் மட்டுமே எழுத வேண்டும் என்பது அவர்களுடைய விதி.

இப்பொழுது இருவர் கூடி ஒரு புதிய விதி செய்கின்றனர்: எடைக்கு எதிரே குறிப்புக் கலத்தில் தொழிலாளியின் கையொப்பமும் இருக்க வேண்டும். மூன்றாமவருக்கு இச்செய்தி எட்டவில்லை. மாலையில் மற்ற இருவரும் எழுதியதை அவர் பார்க்கிறார். பெயர் இருக்கிறது, எடை முழுக் கிலோவில் இருக்கிறது, குறிப்புக் கலத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. அவருடைய விதிப்படி அதில் குற்றம் ஏதுமில்லை, ஆகவே ஏற்றுக்கொள்கிறார். புதிய விதி எவற்றையெல்லாம் அனுமதிக்கிறதோ அவை யாவும் பழைய விதியாலும் அனுமதிக்கப்பட்டவையே. இத்தகைய திருத்தம் விதியை இறுக்குகிறது.

மாறாக, அரைக் கிலோவையும் எழுதலாம் என்று இருவர் முடிவு செய்தால் நேர்வது யாது? மூன்றாமவர் அரைக் கிலோவைக் கண்டதும், 'இது முழுக் கிலோ அன்று' எனக் கூறி அப்பதிவைத் தள்ளிவிடுவார். அன்று மாலை முதல் அவருடைய பேரேட்டின் கூட்டுத்தொகை வேறு, மற்றவர்களுடையது வேறு. வார இறுதியில் எந்தப் பேரேட்டின்படி கூலி கொடுப்பது என்னும் வழக்கு எழும். இத்தகைய திருத்தம் விதியைத் தளர்த்துகிறது.

மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்கிறோம். இத்துறையினர் இறுக்கும் திருத்தத்தைச் 'சாஃப்ட் ஃபோர்க்' என்றும், தளர்த்தும் திருத்தத்தை 'ஹார்டு ஃபோர்க்' என்றும் வழங்குவர். இவற்றை முறையே மென்கவை, வன்கவை என்று தமிழில் குறிப்பிடலாம். சங்கிலி பிளவுபடாமல் விதியைத் திருத்த வேண்டுமாயின் அதனை மென்கவையாக அமைத்தல் வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படைப் பாடம். ஆனால் அது ஒன்றே போதாது என்பதைப் பின்வரும் செய்முறை காட்டும்.

வகுப்பறையில் ஒரு செய்முறை

மாணவர்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் அதிகபட்சம் பத்து வரிகள் எழுதலாம். பக்கத்தின் தலைப்பில் முந்திய பக்கத்தின் கூட்டுத்தொகையை எழுத வேண்டும். விதிக்கு ஒவ்வாத பக்கத்தை எவரும் பிரதி செய்தல் கூடாது. சரியான தொடர்கள் இரண்டு இருந்தால் நீண்டதையே பின்பற்ற வேண்டும் என்பன விதிகள். குலுக்கல் சீட்டில் எக்குழுவின் பெயர் வருகிறதோ அக்குழு அடுத்த பக்கத்தை எழுதும். பிற குழுக்கள் சோதித்துப் பிரதி செய்துகொள்ளும்.

முதல் சோதனையில் எட்டுக் குழுக்களிடம் மட்டும், 'இனி ஒரு பக்கத்தில் எட்டு வரிகளே எழுத வேண்டும்' என்று இரகசியமாகக் கூறுக. அவர்கள் எழுதும் பக்கங்களைப் பழைய விதியுடைய இரு குழுக்களும் தடையின்றி ஏற்கும். எப்போதாவது பழைய குழு ஒன்றின் பெயர் வந்து அது பத்து வரி எழுதினால், எட்டுக் குழுக்களும் அதனைத் தள்ளிவிட்டுத் தம் தொடரை வளர்க்கும். சற்று நேரத்தில் அத்தொடரே நீண்டதாகிவிடும். அது பழைய விதிக்கும் இணங்கியிருப்பதால் பழைய குழுக்களும் அதற்கே திரும்பும். முடிவில் பத்து நோட்டுகளிலும் ஒரே கணக்கு இருக்கும்.

இரண்டாவது சோதனையில் அதே விதியை மூன்று குழுக்களிடம் மட்டும் கூறுக. பத்து வரிகள் எழுதும் ஏழு குழுக்களின் தொடர் விரைவாக வளரும். மூன்று குழுக்களும் அதனை ஏற்க மாட்டா. தமது சிறிய தொடரிலேயே நிற்கும். இங்குத் திருத்தம் இறுக்கும் வகையைச் சேர்ந்ததே. ஆயினும் பிளவு நேர்ந்துவிட்டது.

மூன்றாவது சோதனையில் எட்டுக் குழுக்களிடம், 'பன்னிரண்டு வரிகள் எழுதலாம்' என்று கூறுக. பெரும்பான்மையோர் புதிய பக்கம் சேர்ந்தும், இரு குழுக்கள் ஒருநாளும் அதனை ஏற்கா. பெரும்பான்மை எவ்வளவு பெரிதாயினும் தளர்த்தும் திருத்தத்தை அறியாதவர் மீது செலுத்த இயலாது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே பிளவின்றி விதி திருத்துவதற்கு இரண்டு நிபந்தனைகள் தேவை. முதலாவது, புதிய விதி பழைய விதியின் எல்லைக்குள்ளேயே அமைய வேண்டும். இரண்டாவது, தொகுதி எழுதும் ஆற்றலில் பெரும்பகுதி புதிய விதியின் பக்கம் இருக்க வேண்டும்.

வெற்றுக் கலங்களின் உபயோகம்

விதியை இறுக்கிக்கொண்டே போனால் புதிய வசதிகளை எவ்வாறு சேர்க்க முடியும் என்ற ஐயம் எழுவது இயற்கை. மேற்கூறிய கணக்கப்பிள்ளைகளின் பேரேட்டில் குறிப்புக் கலம் காலியாக இருந்ததை நினைவு கூர்க. பிட்காயினின் கட்டளைத் தொகுப்பிலும், 'எதுவும் செய்யற்க' என்று மட்டும் பொருள்படும் சில வெற்றுக் கட்டளைகள் இருந்தன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இவற்றுள் ஒன்றுக்கு, 'குறித்த காலம் வந்துவிட்டதா என்று பார். வரவில்லையேல் இப்பணத்தைச் செலவழிக்க விடாதே' என்னும் புதுப்பொருள் அளிக்கப்பட்டது. பழைய செயல்நிரல் அதனை வெற்றுக் கட்டளையாகவே கருதிக் கடந்து சென்றது. புதிய செயல்நிரல் காலத்தைச் சோதித்தது. இருவரும் ஒரே சங்கிலியில் இருந்தனர்.

இதனினும் நுட்பமானது, 2017-ஆம் ஆண்டில் நிறைவேறிய 'செக்விட்' என்னும் திருத்தம். ஒரு தொகுதியின் அளவு பத்து இலட்சம் பைட்டுகளைத் தாண்டலாகாது என்ற வரம்பு 2010-ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டிருந்தது. உபயோகிப்போர் பெருகவே அவ்வளவு போதாதாயிற்று. வரம்பை உயர்த்துவதோ தளர்த்தும் திருத்தமாகும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹாங்காங்கில் நடைபெற்ற கூட்டத்தில் பீட்டர் வுய்லே என்னும் நிபுணர் மாற்று வழி ஒன்றை எடுத்துரைத்தார். தொகுதியில் கணிசமான இடத்தை அடைப்பவை கையொப்பங்களே. அவற்றைப் பிரித்துத் தனியான இணைப்பேட்டில் வைத்து, அவ்விணைப்பின் முத்திரை எண்ணை மட்டும் முதன்மை ஏட்டில் குறிப்பிட்டுவிடலாம். பழைய செயல்நிரலுக்கு இணைப்பேடு அனுப்பப்படுவதில்லை. அது முதன்மை ஏட்டை மட்டும் அளந்து, பத்து இலட்சத்துக்குள் உள்ளதென்று திருப்தியடையும். புதிய செயல்நிரல் இரண்டையும் சோதிக்கும். இவ்விதமாகப் பழைய வரம்பை மீறாமலேயே அதிகப் பதிவுகளுக்கு இடம் கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதியன்று 4,81,824-ஆம் தொகுதி முதல் இத்திருத்தம் அமலுக்கு வந்தது.

இம்முறைக்கு ஆட்சேபணைகளும் இல்லாமலில்லை. பழைய செயல்நிரலை வைத்திருப்பவர் தாம் எல்லாவற்றையும் சோதித்து வருவதாக எண்ணுகிறார். உண்மையில் புதிய விதிகளைப் பொறுத்தவரை அவர் பிறரை நம்பியே இருக்கிறார். திருத்தத்தை விரும்பாதவர் விலகி நிற்கவும் வழியில்லை. அவருக்குத் தெரியாமலேயே அது அவர் இருக்கும் சங்கிலியில் புகுந்துவிடுகிறது. வன்கவையோ ஒவ்வொருவருடைய வெளிப்படையான சம்மதத்தையும் கோருகிறது. அவ்வகையில் அதுவே நேர்மையானது என வாதிப்போரும் உண்டு. செய்முறை சிக்கலாவதும் மற்றொரு குறை.

பிளவுகள் கற்பித்த பாடங்கள்

எவரும் விதியை மாற்ற எண்ணாத வேளையிலும் பிளவு நேரலாம் என்பதை 2013-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து நிகழ்ச்சி காட்டியது. அப்போது பிட்காயின் செயல்நிரலின் 0.7, 0.8 என்னும் இரு பதிப்புகள் உபயோகத்தில் இருந்தன. புதிய பதிப்பில் தரவுகளைச் சேமிக்கும் முறை மட்டுமே மாற்றப்பட்டிருந்தது. ஆனால் பழைய பதிப்பின் சேமிப்பு முறையில் எவரும் அறியாத வரம்பு ஒன்று மறைந்திருந்தது. மார்ச் 11-ஆம் தேதியன்று வந்த பெரிய தொகுதி ஒன்றைப் புதிய பதிப்பு ஏற்றது. பழைய பதிப்பு தள்ளியது. சங்கிலி இரண்டாயிற்று. அந்த இடைவேளையில் ஒரே பணம் இரு முறை செலவிடப்பட்டதும் நிகழ்ந்தது. தொகுதி எழுதுவோரில் பெரிய குழுவினர் தம் வெகுமதிகள் வீணாவதையும் பொருட்படுத்தாது பழைய பதிப்புக்குத் திரும்பினர். சில மணி நேரத்தில் பழைய பதிப்பு ஏற்ற சங்கிலியே நீண்டதாகி, பிளவு நீங்கியது. எழுதிவைத்த விதிகளோடு, எவரும் எழுதாமல் செயல்நிரலில் பதுங்கியுள்ள விதிகளும் உண்டு என்பது இதிலிருந்து பெறப்பட்ட பாடம்.

2015-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி நிகழ்ந்தது வேறு விதமானது. கையொப்பங்களின் வடிவத்தைக் கண்டிப்பாக்கும் ஒரு மென்கவைக்கு, இறுதியாக எழுதப்பட்ட 1,000 தொகுதிகளில் 950 சம்மதம் தெரிவித்திருந்தன. ஆயினும் சம்மதம் தெரிவித்தோரில் சிலர், நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, பிறர் எழுதிய தொகுதியைச் சோதியாமலேயே அதன்மீது அடுத்த தொகுதியை எழுதி வந்தனர். விதிக்கு ஒவ்வாத தொகுதி ஒன்று வந்தபோது அதன்மீதும் எழுதிக்கொண்டே போயினர். ஆறு தொகுதிகள் வரை வளர்ந்த பின்னரே தவறு வெளிப்பட்டு, அவை யாவும் பயனற்றுப் போயின. இணங்குவதாகச் சொல்வதும், இணங்கிச் செயல்படுவதும் ஒன்றல்ல என்பது கண்கூடு.

கருத்து வேற்றுமையால் நிலையாகப் பிரிந்த சங்கிலிகளும் உள்ளன. 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஈத்தரியம் என்னும் சங்கிலியில் இயங்கிய 'தி டாவோ' என்ற பொது நிதியிலிருந்து சுமார் 36 இலட்சம் ஈத்தர் நாணயங்கள் தந்திரமாக அபகரிக்கப்பட்டன. அவற்றை மீட்பதற்காக ஜூலை 20-ஆம் தேதியன்று வன்கவை ஒன்று நிறைவேற்றப்பட்டது. ஒரு முறை எழுதிய பேரேட்டைத் திருத்துவது முறையன்று எனக் கருதிய சிறுபான்மையோர் பழைய சங்கிலியிலேயே நின்றனர். அது 'ஈத்தரியம் கிளாசிக்' என்னும் பெயரில் தொடர்ந்தது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியன்று, தொகுதியின் அளவை நேரடியாக எண்பது இலட்சம் பைட்டுகளாக உயர்த்த விரும்பியோர் 'பிட்காயின் கேஷ்' என்னும் தனிச் சங்கிலியைத் தொடங்கினர். பிரியும் கணத்தில் ஒருவரிடம் பத்து நாணயங்கள் இருந்திருந்தால், இரு சங்கிலிகளிலும் பத்துப் பத்தாக அவருக்கு இருக்கும். இது செல்வம் இரட்டிப்பதாகத் தோன்றலாம். ஆனால் மதிப்பு என்பது எத்தனை பேர் ஏற்கின்றனர் என்பதைப் பொறுத்ததாகையால், சமூகம் பிரியும்போது மதிப்பும் பங்கிடப்படுகிறது.

சம்மதத்தை அளக்கும் விதம்

மேற்கூறிய அனுபவங்களிலிருந்து ஓர் ஒழுங்குமுறை உருவாயிற்று. பிட்காயினில் 2,016 தொகுதிகள், அதாவது ஏறத்தாழ இரண்டு வாரங்கள், ஒரு பருவமாகக் கொள்ளப்படுகின்றன. திருத்தத்தை அமல்படுத்த ஆயத்தமாயுள்ளவர் தாம் எழுதும் தொகுதியின் தலைப்பில் அதற்குரிய குறியை இடுவார். ஒரு பருவத்தில் குறியிட்ட தொகுதிகள் குறித்த விகிதத்தை எட்டினால் திருத்தம் உறுதியாகும். செக்விட் திருத்தத்திற்கு இவ்விகிதம் 95 சதவீதம். அவ்வளவு உயர்ந்த விகிதம் பல மாதங்கள் எட்டப்படாமல் பெரும் வாக்குவாதம் மூண்டது. ஆதலால் 'டாப்ரூட்' என்னும் அடுத்த திருத்தத்திற்கு 90 சதவீதம் போதுமெனக் கொள்ளப்பட்டது. அது 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உறுதியாயிற்று. ஆனால் உடனே நடைமுறைக்கு வரவில்லை. அனைவரும் செயல்நிரலைப் புதுப்பித்துக்கொள்ள ஐந்து மாத அவகாசம் அளிக்கப்பட்டு, நவம்பர் 14-ஆம் தேதியன்று 7,09,632-ஆம் தொகுதியில் அமலுக்கு வந்தது. சங்கிலி பிளவுபடவில்லை.

தசாம்ச நாணயத்திற்கு அளிக்கப்பட்ட மூன்று ஆண்டு அவகாசத்தையும் இந்த ஐந்து மாத அவகாசத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அதிகாரம் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் தேவைப்படுவது ஒன்றே என்பது புலனாகும். பழையதும் புதியதும் சில காலம் அருகருகே இயங்க இடமளித்தாலன்றி மக்கள் ஒரு மாற்றத்தைப் பின்தொடர இயலாது.

நம் நாட்டு முயற்சிகள்

2017-ஆம் ஆண்டில் இந்திய இளைஞர்கள் சிலர் 'மேடிக்' என்னும் பெயரில் தொடங்கி, 2021-ஆம் ஆண்டில் 'பாலிகன்' எனப் பெயர் மாற்றிய சங்கிலி உலகெங்கும் அறியப்பட்டதாகும். இதன் விதித் திருத்தங்களுக்கு டெல்லி, அகமதாபாத், பிலாய் என நம் நாட்டு நகரங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. டெல்லித் திருத்தம் 2023-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதியன்று அமலுக்கு வந்தது. கட்டணம் திடீரென ஏறி இறங்குவதைக் குறைப்பதும், எழுதிய தொகுதிகள் பின்னர் இடம் மாறிப்போவதைக் குறைப்பதும் அதன் நோக்கங்கள். இலக்கணப்படி அது வன்கவையே. ஆயினும் இச்சங்கிலியில் தொகுதிகளை உறுதி செய்யும் உரிமை பெற்றோர் அப்போது நூறு பேர் அளவிலேயே இருந்தமையால், முன்கூட்டி அறிவித்து ஒரே சமயத்தில் மாற்றிக்கொள்வது சாத்தியமாயிற்று. பங்காளிகள் சிலராகவும் அறிமுகமானவராகவும் இருந்தால் வன்கவையும் பிளவின்றி முடியும். ஆனால் அதிகாரம் சிலரிடம் குவிவது அதற்குக் கொடுக்கும் விலையாகும்.

கிரிப்டோ நாணயத்துடன் தொடர்பின்றித் தொகுதிச் சங்கிலியை மட்டும் உபயோகிக்கும் முயற்சிகளும் உள்ளன. நறுமணப் பொருள் வாரியம் 2021-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டு, விளைநிலத்திலிருந்து சந்தை வரை நறுமணப் பொருள்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் சங்கிலி ஒன்றை அமைக்க முற்பட்டது. இவ்வாரியத்தைச் சேர்ந்த இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் உடும்பஞ்சோலைத் தாலுகாவில் மயிலாடும்பாறையில் உள்ளது. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. இத்தகைய பேரேடு ஏலக்காய்க்கும் வருமாயின், சிறு விவசாயி, வியாபாரி, ஏற்றுமதியாளர் ஆகிய பலரும் அதில் பங்கு பெறுவர். தரம் பிரிக்கும் விதி மாறும்போது, புதிய விதியை அறியாத விவசாயியின் மூட்டைப் பதிவு தள்ளப்படாதிருக்க வேண்டும். விதியை அமைப்போர் இதனைத் தொடக்கத்திலேயே சிந்திக்க வேண்டியவராவர்.

களப்பணியாளர் கவனத்திற்கு

கிரிப்டோ நாணயம் இந்தியாவில் சட்டபூர்வமான செலாவணி அன்று. 2018-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த தடையுத்தரவை உச்ச நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதியன்று செல்லாதென அறிவித்தது. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இத்தகைய சொத்தின் மாற்றத்தால் வரும் இலாபத்திற்கு 30 சதவீத வரி விதித்தது. வரி விதிக்கப்பட்டிருப்பதை அரசாங்கத்தின் உத்தரவாதமாகக் கொள்ளுதல் தவறு. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று பொதுமக்களுக்காகச் சோதனை முறையில் தொடங்கப்பட்ட மின்னணு ரூபாய் வேறு. அது ரிசர்வ் வங்கியால் வெளியிடப்படுவது. இரண்டையும் ஒன்றெனக் கூறி ஏமாற்றுவோர் வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டார்கள்.

விதித் திருத்தம் நடைபெறும் காலமே மோசக்காரர்களுக்கு உகந்த காலமாகும். 'சங்கிலி புதுப்பிக்கப்படுகிறது; உங்கள் பழைய நாணயங்கள் செல்லாமற் போகும்; உடனே இரகசியச் சாவியை அனுப்பினால் புதிய நாணயமாக மாற்றித் தருகிறோம்' என்று கைப்பேசியில் செய்தி வரக்கூடும். இக்கட்டுரையைக் கவனமாகப் படித்தவர் இதற்கு விடை அறிவர். மென்கவையில் பழைய நாணயங்கள் யாதொரு மாறுதலுமின்றிச் செல்லும். உடையவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சங்கிலி பிளவுபட்டாலும் இரு பக்கத்திலும் பதிவு தானாகவே இருக்கும். சில திட்டங்களில் உடையவரே நாணயத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை ஏற்படுவதுண்டு. அப்போதும் இரகசியச் சாவியைப் பிறரிடம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. சாவியைப் பெற்றவரே பணத்தின் உடைமையாளர் ஆகிவிடுவார். தவறாகச் சென்ற பதிவைத் திருப்பித் தரும் அலுவலகம் எதுவும் இத்தலைவரில்லாப் பேரேட்டில் இல்லை.

ஏமாற்றத்திற்கு உள்ளானோர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய இணையக் குற்ற உதவி மையத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். கூலிப் பணத்தைச் சேமித்து வைத்திருக்கும் தொழிலாளரிடையே பணிபுரியும் களப்பணியாளர்கள், இவ்விஷயத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் அவரவருக்கு விளங்கும்படி எடுத்துரைப்பது நலம். ஆசிரியர்கள் மேலே கூறிய நோட்டுப் புத்தகச் செய்முறையை ஒரு வகுப்பு நேரத்தில் நடத்திக் காட்டலாம். பத்து நோட்டுகளும் எந்தச் சோதனையில் ஒத்திருந்தன, எதில் வேறுபட்டன என்பதைத் தம் கையால் எழுதிப் பார்த்த மாணவன், புதிய நாணயம் எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், 'இதன் விதியை மாற்றுவோர் யார்? அதற்குச் சம்மதிப்போர் யார்?' என்னும் இரு கேள்விகளை முதலில் கேட்கக் கற்றுக்கொள்வான்.